திரிகோணமலைக்குக் கிழக்கே

கரூரில் எங்கள் வீட்டு டிவி
ஒவ்வொரு கார்த்திகையும் சொல்லும்:
திரிகோணமலைக்குக் கிழக்கே
முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவில்
மையம் கொண்டுள்ளது.
அது ஒரு ஊர் என்று எனக்குத் தெரியாது.
புயலை அளப்பதற்காகக்
கடலில் அடித்து வைத்த முளைக்குச்சி என்றே
நினைத்திருந்தேன்.
வா, வா, எங்கள் மாவட்டம் வரைக்கும் வா,
நாளைக்குக் கணக்குப் பரீட்சை
என்று வேண்டியிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும்
ஆந்திராவுக்குப் போய்விடும்.

இன்றிரவு முளைக்குச்சியில் இருக்கிறேன்.
இறக்கக்கண்டிப் பள்ளிக்கூட மண்டபம்.
நாற்பத்தொரு குடும்பங்கள்.
இரண்டு அட்டைப்பெட்டிகளில் நான் கொண்டுவந்த
இருநூற்றுப் பன்னிரண்டு பழைய மூக்குக்கண்ணாடிகள்.
வியாழன் முகாம், வெள்ளி முகாம், சனி விமானம்
என்று நோட்டில் எழுதியிருந்தேன்.
வியாழன் மத்தியானமே
களப்பு ரோட்டில் ஏறிவிட்டது.
"பாலத்துக்கு அங்கால போக ஏலாது" என்றார்கள்.
"புயலா?"
"சூறாவளி" என்று திருத்தினாள் ஜெசிந்தா,
தெரிந்த ஆளின் பெயரை
நான் தப்பாகச் சொல்லிவிட்டதுபோல.

கிராம சேவகரின் பதிவேட்டில்
தொண்டருக்கென்று பத்தி இல்லை.
பேனாவைக் கொஞ்ச நேரம் உதறினார். பிறகு
குடும்பம் நாற்பத்திரண்டு,
தலைவர் நான்,
அங்கத்தவர் ஒன்று.
எனக்கும் ஒரு பாய், ஒரு பிஸ்கட் பாக்கெட்,
கையெழுத்து இங்கே.

பத்து மணிக்குமேல் கூரைத் தகரம் ஒன்று
தன் ஆணிகளை எண்ணத் தொடங்கியது.
நான் மட்டும்தான் நிமிர்ந்து பார்த்தேன்.
"இருங்க தங்கச்சி,
நீங்க பார்த்தாலும் அது போறதெண்டா போகும்"
என்றாள் நஸ்லூன், பிள்ளைக்குச் சாக்கைப் போர்த்தியபடி.

என் பெட்டிகளை மேடைக்குத் தூக்கினார்கள்,
அரிசி மூட்டைக்கும் மேலே.
அதற்குள் ஒன்றின் அடி நனைந்து
பவர் எழுதிய ஸ்டிக்கர்களெல்லாம்
நீலமாகக் கரைந்திருந்தன.
மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது.

"எழுத்துப் போனா என்ன, கண் இரிக்குதானே"
என்று ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள் நஸ்லூன்.
டார்ச் கைமாறியது.
மண்டபமே
பிஸ்கட் பாக்கெட்டின் பொடி எழுத்தை வாசித்துப் பார்த்தது.
கோதுமை மா. சீனி. தாவர எண்ணெய்.
தலை சுத்துது, வேற தாங்க.
கரூர் வக்கீல் ஒருவரின் தடித்த பிரேம்
ஜெசிந்தாவின் மூக்கில் ஏறியது.
"வழக்கை ஒத்திவைக்கிறேன்"
என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.
சிரிப்பு முடிவதற்குள்
தகரம் போய்விட்டது.

புவிதரன் மட்டும் வரவில்லை.
ஜன்னல் இடுக்கில் இருட்டைப் பார்த்தபடியே நின்றான்.
அந்தப் பக்கம் அவன் படகு.
குத்துமதிப்பாக ஒன்றை நீட்டினேன்.
"தூரம் எனக்கு வடிவாத் தெரியும்.
கிட்டத்தான்..."
போட்டுக்கொண்டான்.
சட்டைப்பையில் பொலித்தீன் உறை பிரித்து
படகுக் கடன் துண்டை எடுத்து
விரல் வைத்து வரிவரியாக வாசித்தான்.
இன்னும் பதினேழு தவணை.
துண்டை மடித்து
கண்ணாடியையும் அதோடு சுற்றி வைத்துவிட்டு
மறுபடி தூரத்தைப் பார்த்தான்.

விடியும் முன் காற்று திசை மாறி வந்து
எதிர்ச்சுவரை அடித்தது.
அப்புறம் வெறும் மழை.
புவிதரனைக் காணவில்லை, அவன் செருப்பு மட்டும் ஜன்னலடியில்.
ஆண்களெல்லாம் பாலத்தடியில் நிற்பதாகச் சொன்னார்கள்.

ஒன்பது மணிக்கு ஒரே ஒரு கோடு சிக்னல்.
"இங்க ஒரு தூறலும் இல்லடி" என்றாள் அம்மா.
"பள்ளிக்கூடத்துக்கெல்லாம்
சும்மா லீவு விட்டுட்டாங்க.
நெல்லூர்ப் பக்கம் போயிடுச்சாம்.
ஆமா, நீ எங்க இருக்க?"

"நாற்பத்திரண்டு!"
வாசலில் கிராம சேவகர் கூப்பிட்டார்.
பாண் வந்திருக்கிறது.

அப்புறம் பேசுறேம்மா,
என்னத்தான் கூப்பிடுறாங்க.